கிளிப் போட்ட பையன் கபடி ஆடலாமா?

தர்மபுரி மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 15 வயது. பத்து மாதமாகப் பல்லுக்குக் கிளிப் போட்டிருக்கிறான். சிகிச்சை சேலத்தில் நடக்கிறது. மே மாதம் முழுவதும் காலையும் மாலையும் கபடிப் பயிற்சி முகாம். அடி பட்டுவிடுமோ என்ற பயத்தில், "இரண்டு மாதத்துக்குக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு ஜூனில் திரும்ப மாட்டச் சொல்லலாமா?" என்று கேட்கிறார். மவுத் கார்டு (அடியைத் தாங்கப் பல்லில் மாட்டும் உறை) போட்டால் "கபடி கபடி" என்று பாட முடியாது என்று கோச் சொல்லிவிட்டாராம். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டான பிராக்கெட் இதுவரை மூன்று முறை கழன்று விழுந்ததால் மருத்துவர் சரியாக ஒட்டவில்லையோ என்றும் சந்தேகம். சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரால் பையனுடைய பல்லில் பழுப்புக் கறை உண்டு. அதனால் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டாகத் தேடி வாங்கிக் கொடுக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அலைனர், அதாவது பல்லின் மேல் மாட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் உறை; செட் செட்டாக மாற்றிப் போட வேண்டும். கல்யாணப் பந்தியில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலையோரம் வைத்தது இலையோடு சேர்ந்து போய்விட்டது. இப்போது போடுவதை வெந்நீரில் ஊறவைத்துத்தான் கழுவுகிறாளாம். இப்போது குடும்பத்தோடு ஒகேனக்கல், பிறகு தோழிகளோடு கேரளா என்று அவளுக்கும் பயணங்கள் வரிசையாக இருக்கின்றன. கடைசியாக ஒரு கேள்வி: "அலைனரே பல்லை மூடித்தானே இருக்கிறது? பையனுக்கும் அதையே போட்டுவிட்டால் கார்டு தேவைப்படாதே?"

சகோதரி, முதலில் பெரிய கேள்விக்குப் பதில். உங்கள் மகன் ஆடட்டும். கம்பியைக் கழற்ற வேண்டாம்.

பத்து மாதமாக நகர்ந்து வந்த பற்கள் புது இடத்தில் இன்னும் வேரூன்றவில்லை. பல்லைச் சுற்றியுள்ள நார்களும் எலும்பும் அந்த இடத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். ஈறின் நார்கள் சில ஒரு வருடம்வரைகூட பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். இந்த நிலையில் இரண்டு மாதம் கம்பி இல்லாமல் விட்டால் பற்கள் திரும்பக் கோணத் தொடங்கும். ஜூனில் நீங்கள் மாட்டச் சொல்லும்போது இப்போதுள்ள கம்பி பொருந்தாது. மறுபடி மெல்லிய கம்பியில் இருந்து ஆரம்பிக்க நேரலாம். இன்னொன்றையும் யோசியுங்கள்: கம்பியை எடுத்தாலும் பிராக்கெட்டுகள் பல்லிலேயேதான் இருக்கும். முகத்தில் முழங்கை பட்டால் உள்ளுதட்டைக் கிழிப்பவை அவைதான். கம்பியாவது அடி பட்ட பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதையும் எடுத்துவிட்டால் அந்தப் பிடிமானமும் போகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு. முகாம் தொடங்கும் தேதியைச் சொல்லி, அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஆடும் பிராக்கெட் இருக்கிறதா, கடைவாய்ப் பக்கம் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்துவிடுவார். முகாம் நடக்கும் சமயத்தில் புதிதாக எதையும் ஆரம்பிக்காமல், இருப்பதைப் பத்திரமாக ஓட்டும்படி திட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கவும் முடியும். "லீவு முடிந்து வருகிறோம்" என்று நீங்களாகவே இரண்டு மாதம் போகாமல் இருப்பதுதான் கூடாது. இழுவை ரப்பரோ ஸ்பிரிங்கோ போட்டிருந்தால், யாரும் பார்க்காமல் அது தன் போக்கில் வேலை செய்துகொண்டிருப்பது நல்லதல்ல.

மவுத் கார்டு போட்டுக்கொண்டு பாட முடியுமா?

கோச் சொன்னதில் பாதி உண்மை. கடையில் கிடைக்கும் தொளதொள கார்டை வாயில் போட்டால் அது கீழே விழாமல் இருக்கவே பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு "கபடி கபடி" என்று நடுவர் காதில் விழும்படி எப்படிப் பாடுவது? பாட்டு நின்றால் ரெய்டே போச்சு. அந்த அனுபவத்தில்தான் அவர் சொல்லியிருப்பார்.

மேல் பல்வரிசைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த கார்டு அப்படி இல்லை. வாயைத் திறந்தாலும் மேலேயே நிற்கும். முதல் இரண்டு மூன்று நாள் நாக்கு தடுமாறும், எச்சில் ஊறும், அப்புறம் பழகிவிடும். வீட்டிலேயே தினமும் கொஞ்ச நேரம் போட்டுப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். முகாமில் முதல் நாள்தான் முதன்முதலாகப் போடுவது என்றால் அன்றைக்கே கழற்றி எறிந்துவிடுவான். போட்டி ஏதாவது இருந்தால் கார்டு போட்டு ஆட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீரில் போட்டு மென்மையாக்கிக் கடித்து அச்செடுக்கும் சாதாரண கார்டு கிளிப் போட்டவர்களுக்கு ஆகாது. அது பிராக்கெட்டின் இடுக்குகளில் புகுந்து இறுகிவிடும். கழற்றும்போது பிராக்கெட்டும் கூடவே வரும். பல்லும் நகர்ந்துகொண்டே இருப்பதால் இந்த மாதம் பொருந்திய அச்சு அடுத்த மாதம் பொருந்தாது, அல்லது பல்லை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிளிப்புக்கென்றே, பிராக்கெட் உட்காரப் பள்ளம் விட்டுச் செய்த சிலிக்கான் கார்டுகள் தனியாக விற்கின்றன. மருத்துவரிடமே இடைவெளி விட்டுச் செய்து வாங்கினால் இன்னும் நல்லது. விலை கூடுதல்தான், பல் நகர நகர மாற்றவும் வேண்டியிருக்கும். ஒரு மாத முகாமுக்கு நல்ல ரெடிமேட் கார்டே போதும் என்பது என் கருத்து. வருடம் முழுக்க ஆடப் போகிறான் என்றால் செய்து வாங்குங்கள்.

கீழ்வரிசைப் பிராக்கெட்டுகளுக்குக் கார்டு இருக்காது. களம் இறங்கும் முன் முன்பற்களின் பிராக்கெட்டை டிஷ்யூவால் ஈரம் போகத் துடைத்துவிட்டு, கிளிப்புக்கென்று கிடைக்கும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் நிற்காது. மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் இடையே மாட்டும் ரப்பர் பேண்ட் இருந்தால் ஆடும்போது கழற்றிவிட்டு, ஆடி முடித்ததும் புதிதாக மாட்ட வேண்டும்.

இனி அலைனர் கேள்வி. அது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பிளாஸ்டிக். அடியை வாங்கிப் பரப்பிவிட மவுத் கார்டுக்கு மூன்று மில்லிமீட்டராவது தடிமன் வேண்டும். ஆடும்போது அடி பட்டால் அலைனர் உடையும், உடைந்த விளிம்பு ஈறைக் கிழிக்கும். மகள் விளையாடினாலும் அலைனரைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுக் கார்டு போட வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போடக் கூடாது. பையனுக்குச் சிகிச்சையின் நடுவில் கிளிப்பை எடுத்துவிட்டு அலைனருக்கு மாறுவது முடியாத காரியமில்லை. ஆனால் அது புதிதாக ஸ்கேன், புதிதாகத் திட்டம், புதிதாகச் செலவு. ஒரு மாத முகாமுக்காகச் செய்கிற வேலையே இல்லை.

கறை, பேஸ்ட், கழன்று விழும் பிராக்கெட்

நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போகக் கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் வருடக்கணக்கில் குடித்தால், தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் எனாமல் பாதிக்கப்பட்டு, முளைக்கும்போதே வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறையோடு முளைக்கும். உங்கள் மகனுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

அப்படிப்பட்ட எனாமலில் ஒரு சிக்கல் உண்டு. பிராக்கெட் ஒட்டும் முன் பல்லின் மேல் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்குவார்கள். பசை அந்தச் சொரசொரப்பில்தான் பிடிக்கும். ஃபுளோரைடால் பாதிக்கப்பட்ட எனாமலின் மேற்பரப்பு அந்த அமிலத்துக்கு எளிதில் மசியாது. ஆகவே பிடிப்பு குறையும், பிராக்கெட் அடிக்கடி கழலும். மூன்று முறை விழுந்ததற்கு உங்கள் மருத்துவரின் கைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "கறை இருப்பதால் ஒட்டும் முறையில் ஏதாவது மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். அமிலம் தடவும் நேரத்தைக் கூட்டுவது, மேற்பரப்பை லேசாகச் சொரசொரப்பாக்குவது, வேறு பசை என்று வழிகள் உள்ளன. எந்தப் பல், எத்தனை நாளில், என்ன சாப்பிடும்போது விழுந்தது என்று குறித்துக்கொண்டு போனால் அவருக்கும் உதவியாக இருக்கும். திரும்ப ஒட்டுவதற்குத் தனிக் கட்டணமா என்பதை வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ளலாம், சங்கடப்பட வேண்டாம். எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்புகளின் நகல் கேட்டு வாங்கி இன்னொரு நிபுணரிடம் கருத்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இப்போதைக்கு அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

பேஸ்ட் விஷயத்தில் மட்டும் உங்கள் எண்ணம் தவறு. கறை படிவது பல் உருவாகும் காலத்தில். வெளியே தெரிகிற நிரந்தரப் பற்களின் எனாமல் எட்டு வயதுவாக்கில் உருவாகி முடிந்துவிடும். 15 வயதுப் பையன் ஃபுளோரைடு பேஸ்ட்டால் விளக்கித் துப்பினால் புதிதாகக் கறை வராது. அதைத் தவிர்ப்பதில்தான் ஆபத்து. கிளிப் போட்ட பல்லில் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தேங்கினால், ஒரே மாதத்தில்கூட எனாமல் அரித்து வெள்ளைத் திட்டு தெரிய ஆரம்பித்துவிடும். கிளிப்பை எடுத்த பிறகும் அது சதுர வடிவில் அப்படியே நிற்கும். ஏற்கெனவே உள்ள பழுப்போடு இதுவும் சேர வேண்டுமா? இன்றைக்கே சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். குடிதண்ணீர் வேறு கதை: அதிக ஃபுளோரைடு உள்ள நீர் எந்த வயதிலும் எலும்புக்குக் கெடுதல். முகாம் நடக்கும் இடத்தில் போர் தண்ணீர்தான் என்றால் வீட்டில் இருந்தே நல்ல தண்ணீர் கொடுத்தனுப்புங்கள்.

நீங்கள் அடியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை முகாமில் கொடுக்கும் குளுக்கோஸ் தண்ணீர். வெயிலில் மூச்சுவிடாமல் பாடி ஆடும்போது வாய் உலர்ந்துவிடும். அமிலத்தைக் கழுவிவிட வேண்டிய எச்சிலே இல்லாத நேரத்தில், பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று குளுக்கோஸோ எலுமிச்சை ஜூஸோ கலர் சோடாவோ உள்ளே போனால் பல் நாள் முழுக்க அமிலத்திலேயே ஊறும். தாகத்துக்குத் தண்ணீர், மோர் கொடுங்கள். குளுக்கோஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்கட்டும். புளிப்பானது குடித்த உடனே பிரஷ் செய்யக் கூடாது; அரை மணி நேரம் கழியட்டும்.

சாப்பாட்டில் உங்கள் ஊருக்கு இது மாங்காய் சீசன். மாம்பழத்தைக் கத்தியால் நறுக்கிக் கொடுங்கள். கொட்டையைக் கடித்து உறிஞ்சினால் நார் முழுவதும் கம்பிக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் பின்னிக்கொள்ளும். சாதாரண பிரஷுக்கு அது வராது. புட்டி கழுவும் பிரஷைப் போல ஆனால் தீக்குச்சி அளவில் இடுக்குப் பிரஷ் என்று ஒன்று கிடைக்கும், அதைக் கம்பிக்கு அடியில் விட்டு எடுக்க வேண்டும். உப்பு மிளகாய்த்தூள் தொட்ட மாங்காயை மெல்லிய துண்டாக்கிக் கடைவாயில் மெல்லலாம். கரும்பு, சீடை, கடலை மிட்டாய், நல்லி எலும்பு, ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம். நுங்கு, இளநீர் வழுக்கை தாராளமாக. குழம்பு மஞ்சளால் பிராக்கெட்டின் ரப்பர் வளையம் மஞ்சளாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்த முறை மாற்றும்போது போய்விடும்.

மகளின் அலைனர்

வெந்நீர் கூடவே கூடாது. அது சூட்டில் உருகி அச்சாகும் பிளாஸ்டிக். வெந்நீரில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்துவிடும். நெளிந்த அலைனர் பல்லைத் தப்பான பக்கம் தள்ளும். குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டு திரவ சோப்பு போதும். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து மங்கிவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டுவிட்டுப் போவதும் வெந்நீரில் போடுவதும் ஒன்றுதான்.

நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும் என்பது சுற்றுலாவில்தான் கெடும். காலை டிபன், பத்து மணிக்கு டீ, வழியில் பஜ்ஜி, மதியச் சாப்பாடு, மறுபடி காபி என்று ஒவ்வொன்றுக்கும் கழற்றினால் ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். நொறுக்குத் தீனியையும் டீயையும் சாப்பாட்டோடு சேர்த்து முடிப்பதுதான் ஒரே வழி. அலைனரைப் போட்டுக்கொண்டு ஜூஸ் குடிப்பது அதைவிட மோசம். சர்க்கரை உள்ளே சிக்கிப் பல்லோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். போட்டுக்கொண்டு குடிக்கத் தகுந்தது சூடில்லாத வெறும் தண்ணீர் மட்டும்தான். ஓரிரு நாள் நேரம் குறைந்துவிட்டால் அடுத்த செட்டுக்கு அவசரப்படாமல் இருப்பதையே சில நாள் கூடப் போட்டுக்கொள்ளட்டும்.

டிஷ்யூ பேப்பரில் சுற்றவே கூடாது. வாயில் இல்லையென்றால் டப்பாவில். பயணத்தில் இப்போது போடும் செட், இதற்கு முந்தைய செட், அடுத்த செட் மூன்றும் பையில் இருக்க வேண்டும். தொலைந்துவிட்டால் மருத்துவருக்கு போன் செய்து, எத்தனையாவது செட், எத்தனை நாள் போட்டாள் என்று சொன்னால் பழையதுக்குத் திரும்புவதா, அடுத்ததுக்குப் போவதா என்று அவர் சொல்வார். அதுவரை பழையதை மாட்டிக்கொள்ளட்டும். வெறும் வாயோடு நாட்களைக் கடத்த வேண்டாம். அருவியில் குளிக்கும்போது கழற்றி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பைக்குள் வைத்து ஜிப்பையும் மூடிவிடுங்கள். பாறை மேல் பளபளவென்று ஒரு டப்பா இருந்தால் ஒகேனக்கல் குரங்குகள் சும்மா விடாது.

அடி பட்டால், உடைந்தால்

கம்பி குத்தினால் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்ல உள்ளே தள்ளி மெழுகு வைக்கலாம். பிராக்கெட் கழன்று கம்பியில் தொங்கினால் பிடுங்க வேண்டாம். மெழுகால் நிறுத்திவிட்டு மருத்துவருக்கு போட்டோ அனுப்புங்கள். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஆனால் இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் உடனே மருத்துவமனை.

பல்லே கழன்று விழுந்துவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பாலிலோ குழாய் நீரிலோ சில விநாடி அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்ப வைத்து, சுத்தமான துணியை மெல்லக் கடித்துக்கொண்டு பல் மருத்துவரிடம் ஓட வேண்டும். வைக்க முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். பக்கத்தில் இளநீர்க் கடை இருக்கிறதே என்று கேட்பார்கள். இளநீரில் புளிப்புத்தன்மை உண்டு, பால்தான் நல்லது. டீக்கடையில் காய்ச்சாத பாக்கெட் பால் எப்படியும் இருக்கும். அரை மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்தால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு; ஒரு மணி நேரம் உலர்ந்துவிட்டால் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். இந்தப் பத்தியை மட்டும் கோச்சிடம் காட்டிவிடுங்கள்.

அடி பட்டுப் பல் விழாமல் ஆடினாலோ, உள்ளே போனாலோ, கடி சேராமல் போனாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். மயக்கம், வாந்தி இருந்தால் பல்லைப் பற்றி யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

முகாமுக்கு முந்தைய வாரத்துக்கும் முகாம் முடிந்த வாரத்துக்கும் இப்போதே போன் செய்து தேதி வாங்கிவிடுங்கள். பள்ளி திறக்கும் சமயத்தில் எல்லாப் பல் மருத்துவமனையிலும் கூட்டமாக இருக்கும். முதல் முறை போகும்போது மகளையும், இதுவரை வெந்நீரில் ஊறிய, இப்போது போடும் அலைனரையும் எடுத்துக்கொண்டு போங்கள். இன்னும் சரியாகப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.